மேல்பட்டாம்பாக்கத்து மனோரதங்கள்

விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குப் போகும் இருப்புப்பாதையில், பலாவுக்கும் முந்திரிக்கும் பேர்போன பண்ருட்டியைக் கடந்து, 1842-ஆம் ஆண்டிலேயே சர்க்கரை ஆலை கண்ட நெல்லிக்குப்பத்தை எட்டுவதற்கு முன்னால், கெடிலத்துக்கும் பெண்ணையாற்றுக்கும் நடுவே பசுமை விரித்துக் கிடக்கும் பூமியில் மேல்பட்டாம்பாக்கம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. சாதி வேற்றுமையைத் திருச்சபைக்குள் அனுமதிக்கலாகாது என்று வாதாடி லைப்சிக் மிஷனைவிட்டு விலகிய கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார், 1860-களில் இங்கே வந்து தங்கி, பின்பு டேனிஷ் மிஷனோடு சேர்ந்து தொண்டாற்றிய ஊர் இது. ஆகையால் டிசம்பர் 31-ஆம் தேதி இரவில் இந்த ஊருக்குத் தனியானதொரு களை உண்டு. கோயிலுக்குப் போகிறவர்கள் விடியற்காலைத் தரிசனத்துக்காக வாசலில் கோலமிட்டுக்கொண்டிருக்க, தேவாலயத்துக்குப் போகிறவர்கள் நள்ளிரவு ஆராதனைக்குப் புதுத்துணி உடுத்திப் புறப்பட, இரு சாராருக்கும் பொதுவாகக் கடைத்தெருவில் ஒரு கூட்டம் நிற்கிறது. அது செல்போன் கடையின் முன்னால் நிற்கும் கூட்டம்.

ஆண்டின் முதல்நாள் தை மாதத்திலா சித்திரையிலா என்பதைப் பற்றி நமது சட்டசபையே 2008-இல் ஒரு சட்டமும் 2011-இல் அதை நீக்கி வேறொரு சட்டமும் இயற்றியிருக்கிறது. ஆயினும் ஆங்கிலப் புத்தாண்டு, தைப் பொங்கல், சித்திரைப் பிறப்பு ஆகிய மூன்றிலும் சாதாரண ஜனங்கள் செய்கிற காரியம் ஒன்றுதான். இந்த வருஷமாவது வீட்டுக்கு இன்னது வாங்கிவிட வேண்டும் என்று மனத்துக்குள் ஒரு சங்கற்பம் செய்துகொள்கிறார்கள். துணி துவைக்கும் யந்திரம் ஒன்று. கல்லூரியில் சேரப்போகும் பெண்ணுக்கு மடிக்கணினி ஒன்று. கோடையில் கரண்ட் போனால் குழந்தை தூங்க இன்வெர்ட்டர் ஒன்று. கண் மங்கிய தகப்பனாருக்கு எழுத்துப் பெரிதாகத் தெரியும் செல் ஒன்று. தவணையில் கிடைக்குமா, பொங்கல் போனஸ் வருமா, ஆடிக் கழிவுவரை பொறுக்கலாமா என்ற ஆலோசனைகளெல்லாம் அந்தச் சங்கற்பத்தின் துணை அங்கங்கள்.

இவ்விதமான ஆசைகளை அற்பமென்று ஒதுக்கும் பெரியோர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். யந்திர மோகம் என்றும், பரபரப்பான காலத்தின் வியாதி என்றும் அவர்கள் கண்டிக்கிறார்கள். அந்தக் கண்டனத்தில் எனக்குச் சிறிதும் சம்மதமில்லை. மனிதர்கள் ஒரு சாதனத்தின்மீது கொள்ளும் உற்சாகத்தைச் சற்று அருகில் சென்று பார்த்தால், அதனடியில் பெரும்பாலும் ஓய்ந்துபோன ஒரு ஜோடிக் கைகள் இருப்பதைக் காணலாம். அந்தக் கைகளுக்குச் சிறிது விமோசனம் கிடைக்கட்டும் என்ற பிரார்த்தனையே யந்திர ஆசையாக வெளிப்படுகிறது. இந்த உண்மையைச் சொல்வதற்கு மேல்பட்டாம்பாக்கத்தை நான் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டின் யந்திரங்களுக்கெல்லாம் உயிரூட்டிய மின்சாரத்தில் ஒரு பெரும் பங்கு, இந்த ஊர் இருக்கும் இதே ஜில்லாவில், நெய்வேலியில் பூமிக்கடியிலிருந்து பிறந்தது.

1930-களின் மத்தியில், நெய்வேலிப் பகுதியில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தமது நிலத்துக்கு நீர் காண ஆழ்துளை போட்டபோது தண்ணீரோடு சேர்ந்து கரிய பொருளொன்று மேலே வந்தது. அது சாமானியமான சேறல்லவென்று உணர்ந்து, அதை ஆராய வேண்டுமென்று அவர் அதிகாரிகளிடம் வலியுறுத்தினார். அந்த நிலக்கிழாரின் விடாப்பிடியும், பிற்பாடு முதலமைச்சர் காமராஜரின் பிரயத்தனமும் சேர்ந்துதான் 1956 நவம்பரில் நெய்வேலி நிலக்கரிக் கழகம் தோன்றக் காரணமாயின. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி வெயிலைக் கண்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையத்தின் முதல் 50 மெகாவாட் யந்திரம் சுழன்றது.

இந்த நிலக்கரியைத் தோண்டுவது எளிதான காரியமன்று. கரிப் படிவத்தின்மேல் மூடியிருக்கும் மண்ணைப் பல ஆள் உயரத்துக்கு அகற்ற வேண்டும். கரிக்குக் கீழேயோ பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டிருக்கிறது. இரவு பகல் ஓயாமல் அந்த நீரை இறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தளமே பெயர்ந்துவிடும். எடுத்த கரியிலும் ஏறக்குறையப் பாதி எடை ஈரந்தான். வாளிகள் பொருத்திய ராட்சதச் சக்கரங்களைக் கொண்ட ஜெர்மானிய யந்திரங்கள் மண்ணை வாரிவாரி வார்ப்பட்டைகளில் கொட்டுவதை முதன்முறையாகக் கண்ட தென்னார்க்காட்டு விவசாயிகள் அடைந்த பிரமிப்பை, இன்று கையடக்கப் பேசியைக் கண்டு வியக்கும் எவருடைய பிரமிப்போடும் ஒப்பிட முடியாது. மண்வெட்டியும் கூடையும் தவிர வேறு அறியாத கண்களுக்கு முன்னால் அந்த யந்திரம் மலையை நகர்த்திற்று. திட்டமிட்ட வீதிகளும், எண்ணிட்ட வட்டங்களும், பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரியும் கொண்ட நெய்வேலி நகரியம் எழுந்தபோது, சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்து அங்கே வேலைக்குப் போனவர்கள் சம்பளத்தோடு கூடவே எதிர்காலத்தைப் பற்றிய ஒரு நம்பிக்கையையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள்.

நெய்வேலி கொடுத்தது மின்சாரம் மாத்திரமல்ல. பழுப்பு நிலக்கரியைக் கரித்துண்டுகளாக்கி 'லெக்கோ' என்ற பெயரில் விற்றார்கள். எரிவாயு அடுப்பு நடுத்தரக் குடும்பங்களை எட்டாத காலத்தில், விறகுப் புகையில் கண் கலங்கிச் சமைத்த தாய்மார்கள் பலருக்கு லெக்கோ அடுப்புத்தான் முதல் ஆறுதல். அக்காலத்துச் சாதனங்கள் வீட்டுக்குள் வந்த வரிசையை நினைத்துப் பார்த்தால் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. முதலில் வந்தது வயலுக்கு மோட்டார், பிறகு கூடத்துக்கு விளக்கும் விசிறியும், அதன்பின் வானொலி. சமையலறைக்கு யந்திரம் வந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

வானொலி வந்த காலம் ஒரு பொற்காலம் என்பதில் ஐயமில்லை. தபாலாபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டி உரிமம் பெற்றால்தான் வானொலி வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த நாட்களில், ஒரு வீட்டில் பெட்டி வந்தால் தெருவே அந்த வீட்டுத் திண்ணையில் கூடிற்று. இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு, கடலைத் தாண்டி நமது கிழக்குக் கரை முழுவதையும் ஆட்கொண்டது. பின்பு டிரான்சிஸ்டர் வந்ததும், களத்து மேட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் பாட்டுக் கேட்டது. 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியபிறகு கூரைகளின்மேல் ஆண்டெனாக்கள் முளைத்தன. இவையெல்லாம் நன்மையே. பெ.நா.அப்புசாமி போன்றவர்கள் பல பத்தாண்டுகள் தமிழில் விஞ்ஞானம் எழுதிப் பரப்பியதும், கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடு யந்திரங்களைப் பழகுவது நம்மவர்க்கும் கைவரும் வித்தை என்று நிரூபித்துக் காட்டியதும் இந்த உற்சாகத்துக்கு உரமிட்டன.

ஆயினும், கூடத்தில் வானொலி பாடிக்கொண்டிருந்தபோது கொல்லைப்புறத்தில் ஒரு பெண் ஆட்டுக்கல்லின் முன்னால் அமர்ந்து குழவியைச் சுற்றிக்கொண்டிருந்தாள் என்பதை மறக்கலாகாது. மறுநாள் இட்லிக்கு மாவு அரைப்பதென்பது, நாள் முழுதும் வேலை செய்து களைத்தவள், மற்றவர்கள் ஓய்ந்த வேளையில் மேற்கொள்ளும் இன்னொரு வேலை. இந்தத் துன்பத்துக்கு முதன்முதலில் செவிசாய்த்த பெருமை கோயம்புத்தூருக்கு உரியது. 1950-களில் அங்கே பி.சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லை மின்மோட்டாரோடு இணைத்துக் கிரைண்டரை உருவாக்கினார். அந்த நகரத்துக் கிரைண்டருக்குப் பிற்காலத்தில் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1960-களில் பம்பாயில் சத்தியப் பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளர், தமது மனைவியின் ஜெர்மானிய அரவை யந்திரம் பழுதாகிச் சீர்செய்ய வழியில்லாமற்போனதைக் கண்டு, இந்தியச் சமையலுக்கு ஏற்ற மிக்சியைத் தாமே வடிவமைத்தார். இவ்விருவரையும் பற்றி நமது பள்ளிக்கூடப் பாடங்களில் ஒரு பக்கமாவது இடம்பெற வேண்டுமென்பது என் அபிப்பிராயம். சந்திரனுக்குச் சென்ற யந்திரத்தைக் காட்டிலும் உளுந்து அரைத்த யந்திரம் நமது ஸ்திரீகளின் ஆயுளில் அதிகமான மணிநேரங்களை மீட்டுக் கொடுத்திருக்கிறது.

அரசாங்கமும் தாமதமாகவேனும் இதை உணர்ந்தது. 2006-இல் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் கூடத்தை நோக்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் சமையலறையை நோக்கியது. அதே மாதத்தில் மாணவ மாணவியருக்கு மடிக்கணினியும் வந்தது. இவற்றை 'இலவசம்' என்று இழித்துப் பேசுவோர், ஆட்டுக்கல்லின் முன்னால் ஒரு வாரம் அமர்ந்து அரைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவார்களாக.

அந்த 2011-ஆம் ஆண்டின் முடிவைத்தான் இப்போது சொல்ல வேண்டும். கடலூர் ஜில்லாவில் அந்தப் புத்தாண்டை அனுபவித்தவர் எவரும் வேறெந்தப் புத்தாண்டையும் அதைப்போல் நினைவில் வைத்திருக்கமாட்டார். டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை அதிகாலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. மேல்பட்டாம்பாக்கமும் பண்ருட்டியும் அதன் பாதையிலேயே கிடந்தன. விடிந்து ஜனங்கள் கதவைத் திறந்து பார்த்தபோது, நேற்றுவரை மறைத்துக்கொண்டிருந்த மரங்கள் இல்லாமையால், தெருமுனை தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் தொலைதூரம் தெரிந்தது. பாட்டனார் வைத்த பலா மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரித் தோப்புகள் ஒடிந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசை வரிசையாக வயலில் படுத்திருந்தன. முந்திரி மீண்டும் பலன் தரச் சில ஆண்டுகளாகும். பலாவோ ஒரு தலைமுறையின் காத்திருப்பு. கலியாணத்துக்கும் படிப்புக்கும் அந்த மரங்களையே நம்பியிருந்த குடும்பங்களுக்கு, எதிர்காலமே ஒரு காலைப்பொழுதில் சாய்ந்துவிட்டது.

மறுநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, 2012 பிறந்தது. மின்சாரம் பிறக்கும் நெய்வேலிக்கு இவ்வளவு அருகில் இருந்துங்கூட ஊர்கள் இருளில் மூழ்கியிருந்தன. ஏனெனில் மின்சாரத்துக்குப் பிறப்பிடம் மட்டும் போதாது, அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பமும் கம்பியும் வேண்டும். கிராமங்கள் பலவற்றில் அந்த இருள் வாரக்கணக்கில் நீடித்தது. அந்த நாட்களில் ஒவ்வொரு சாதனமும் தன் உண்மையான மதிப்பைத் தானே வெளிப்படுத்திற்று. தொலைக்காட்சிப் பெட்டி ஓடாததைப் பற்றி எவரும் பெரிதாக வருந்தவில்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் ஓடாததுதான் ஊரை வாட்டியது. ஜெனரேட்டர் ஒன்று வண்டியில் வந்து அந்த மோட்டார் ஓடிய நேரத்துக்குத் தெருக்குழாய் முன்னால் குடங்கள் காத்திருந்தன. மிக்சி இருந்த வீடுகளில் அம்மிக் குழவியைத் தேடி எடுத்துக் கழுவினார்கள்.

மின்சாரத்தோடு மறைந்துபோன இன்னொன்று செல்போன். சென்னையிலும் திருப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள், தொலைக்காட்சியில் புயற்காட்சிகளைக் கண்டு, எத்தனை முறை அழைத்தும் பதிலில்லாமல் துடித்துக்கொண்டிருக்க, இங்கே தாய்மார்கள் கையில் உயிரற்றுப்போன செல்லை வைத்துக்கொண்டு நின்றார்கள். ஜெனரேட்டர் ஓடும் கடைகளில் காசு வாங்கிக்கொண்டு சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே பலகையில் இருபது முப்பது செல்கள் செருகிக் கிடக்க, ஒவ்வொன்றுக்கும் உரியவர் பக்கத்திலேயே காத்து நின்றார். சார்ஜ் ஏறிய செல்லை எடுத்துக்கொண்டு டவர் கிடைக்கும் மேடான இடம் தேடிப் போய், "நல்லா இருக்கோம்டா, வீடு இருக்குது, மரந்தான் போச்சு" என்று சொல்லிவிட்டு அணைத்தார்கள், சார்ஜ் தீர்ந்துவிடுமே என்று. அந்த வருஷத்துப் புத்தாண்டு வாழ்த்து அதுதான். யந்திர மோகம் என்று கண்டிப்பவர்கள் அந்தப் பலகையின் முன்னால் ஒருமுறை நின்றிருக்க வேண்டும்.

வெளி ஜில்லாக்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து, பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் தங்கிக் கம்பம் நட்டார்கள். லைன்மேன்களுக்கு ஊர்க்காரர்கள் சோறாக்கிப் போட்டார்கள். 'கரண்ட் வந்துடுச்சு' என்று ஒரு தெரு கூவினால் அடுத்த தெருவுக்கு அது கேட்டது. மின்சாரம் வந்த மாலையில் விளக்கைப் பார்த்துக் கைகூப்பிய முதியவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அந்தக் கும்பிடு முழுக்க முழுக்க நியாயமானது.

அதற்குப் பின்வந்த மாறுதல்கள் விரைவானவை, எல்லோரும் அறிந்தவை. 2016-இல் செல்போன் வழியே பணம் செலுத்தும் முறை வந்து, இன்று கடைத்தெருவில் பூக்கட்டி விற்பவரிடமும் ஒரு சிறு ஒலிப்பெட்டி வந்த தொகையைத் தமிழில் சொல்லுகிறது. கரும்பு விவசாயி வானிலையைக் கையிலேயே பார்க்கிறார்.

ஆனால் வெளிச்சத்துக்கு நாம் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையானதாகாது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக ஊர்கள் பல இடம் பெயர்ந்தன. வீட்டோடும் வயலோடும் குலதெய்வத்தையும் விட்டுப் போனவர்கள் அநேகர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காகக் கதிர்விடும் தருவாயில் நின்ற நெற்பயிரின்மீது மண்வாரி யந்திரங்கள் இறங்கிய காட்சியைத் தமிழ்நாடே கண்டு பதைத்தது. நிலத்துக்கு முன்பே இழப்பீடு தரப்பட்டிருந்தது என்பது நிலக்கரிக் கழகத்தின் வாதம். கணக்கு எதுவானாலும், அறுவடை வரையில் பொறுத்திருக்கலாம் என்பதே என் உறுதியான எண்ணம். 1962-இல் சுழலத் தொடங்கிய அந்த முதல் அனல் மின்நிலையமும் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. 1000 மெகாவாட் திறனுள்ள புதிய நிலையம் அதன் இடத்தை ஏற்றிருக்க, கழகமே சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் முயற்சியில் இறங்கியிருக்கிறது. பயிரையும் ஊரையும் அழிக்காமல் கூரையின்மேல் பிறக்கும் மின்சாரம் பெருகவேண்டும் என்பது இந்தப் புத்தாண்டில் நாம் கொள்ளத்தக்க ஆசைகளில் ஒன்று.

இன்னொரு ஆசை எனக்குண்டு. அது முந்திரி சம்பந்தமானது. பண்ருட்டியைச் சுற்றிய ஊர்களில் முந்திரிக்கொட்டை உடைப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையும் சேர்ந்து, வேலை ஏறத்தாழ ஆண்டு முழுதும் உண்டு. கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும் தன்மையுள்ளது. சாம்பலோ வேறு எண்ணெயோ தடவிக்கொண்டு உடைத்தாலும் விரல்களும் உள்ளங்கையும் கறுத்துப் புண்ணாகின்றன. அந்தக் கையை மறைத்துக்கொண்டே விசேஷங்களுக்குப் போகும் இளம்பெண்கள் உண்டு. கொட்டையை ஆவியில் வேகவைத்து, காலால் மிதித்துக் கையால் வெட்டும் யந்திரங்களும், மின்சாரத்தால் தாமே வெட்டும் யந்திரங்களும் வந்துவிட்டன. ஆலை வைத்திருப்பவர்களிடம் அவை இருக்கின்றன. உடைத்த எடைக்குத் தக்க கூலி பெற்று வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து உடைக்கும் பெண்ணிடம் அவை இல்லை. யந்திரம் முதலாளியிடம் மட்டும் சேர்ந்தால் இவளுடைய கை பிழைக்கும், கூலி போய்விடும். அவளும் அவளைப்போன்ற பத்துப்பேரும் சேர்ந்த மகளிர் குழுவிடம் அது இருந்தால் கையும் பிழைக்கும், கூலியும் நிலைக்கும்.

ஒரு செல்போன் வாங்க இன்று ஆதார் அட்டையும் கையொப்பமும் இருந்தால் அரைமணி நேரத்தில் தவணைக்கடன் கிடைக்கிறது. முந்திரி வெட்டும் யந்திரத்துக்குக் கேட்டு ஒரு மகளிர் குழு கூட்டுறவு வங்கியின் படியேறினால் அதே வேகத்தில் கிடைக்க ஏன் வழிசெய்யக் கூடாது? தானே புயலுக்குப் பின் நட்ட முந்திரிக் கன்றுகள் இப்போது நல்ல மரங்களாகிக் காய்க்கின்றன. மார்ச் மாதத்தில் பழம் விழத் தொடங்கிவிடும். அதற்கு இன்னும் இரண்டு மாத காலம் இருக்கிறது. கடன் மனுக்களைப் பரிசீலிக்கும் அதிகாரிகள் இந்தப் புத்தாண்டில் முதலில் எடுத்துப் பார்க்கவேண்டிய கோப்பு அதுதான்.